விசா கேட்கும் மாணவருக்கு நாலு கேள்வி!
இரவல் பதில் எழுதினால் ஆபத்து

மகன் ஆஸ்திரேலியா போய்ப் படிக்க ஆசைப்படுகிறான். அப்பா நிலத்தை அடகு வைக்கிறார். அம்மா வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது.

ஆனால், விசா கிடைக்கவில்லை!

பணம் இருந்தால் மட்டும் விசா கிடைத்துவிடாது. "நான் எதற்காகப் படிக்க வருகிறேன்?" என்று மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது சரியாக இல்லாவிட்டால், மனு தள்ளுபடி ஆகலாம்.

முன்பு இதைக் கட்டுரை போல எழுதினார்கள். 2024-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, ஆஸ்திரேலிய சர்க்கார் இந்த முறையை மாற்றியது. இப்போது விண்ணப்பத்திலேயே கேள்விகள் இருக்கின்றன. பதிலை இங்கிலீஷில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலும் 150 வார்த்தைக்குள் முடிய வேண்டும்.

என்ன கேள்விகள்?

முக்கியமானவை நாலு.

1. உன் குடும்பம், ஊர், வேலை, வருமானம் எப்படி?

2. இந்தப் படிப்பை, ஆஸ்திரேலியாவில், இந்தக் கல்லூரியில் ஏன் படிக்க வேண்டும்? அங்கே படிப்பதும் வாழ்வதும் எப்படி இருக்கும் என்று தெரியுமா?

3. படித்து முடித்தால் உனக்கு என்ன நன்மை?

4. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

"இவர் உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறாரா?" இதைத் தெரிந்துகொள்ளவே அதிகாரி இவ்வளவும் கேட்கிறார்.

மறைக்காதே!

ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒரு பையன் பி.காம். படித்தான். பிறகு 2 வருஷம் அப்பாவின் அரிசி மண்டியில் கணக்கு எழுதினான். இப்போது மெல்போர்ன் நகரில் மேல்படிப்புக்கு மனுப் போடுகிறான்.

"மண்டியில் இருந்தேன் என்று எழுதினால் கேவலம்" என்று நினைத்து, அந்த 2 வருஷத்தை அவன் மறைக்கிறான். "ஆஸ்திரேலியாவின் கல்வி உலகப் புகழ் பெற்றது" என்று எழுதுகிறான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம் அது!

அவன் எழுத வேண்டியது என்ன?

"மண்டியில் கணக்குப் பார்த்தேன். வரவு செலவு தெரியும். பெரிய கம்பெனிக் கணக்கு தெரியாது. இந்தக் கல்லூரியில் அதற்கு இன்ன பாடம் இருக்கிறது. படித்தால் இன்ன வேலைக்குப் போகலாம்."

இதுதான் பதில். மண்டியில் இருந்ததே அவனுக்குப் பலம்!

சொன்னால் மட்டும் போதாது. சாட்சி வேண்டும். மண்டியின் வரிக் காகிதம், பாங்குக் கணக்கு, படிப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆதாரம் இல்லாத பொதுப் பேச்சுக்கு அங்கே மதிப்பு இல்லை.

பொய்க்குத் தண்டனை

"பணம் கொடுங்கள், நான் எழுதித் தருகிறேன்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. ஒருவருக்கு எழுதியதையே, பெயரை மாற்றி அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஆனால் மனுவில் இருப்பதற்கு மாணவர்தான் பொறுப்பு.

போலிக் காகிதம் கொடுத்தோ, பொய்த் தகவல் எழுதியோ பிடிபட்டால், விசா கிடைக்காது. அதன்பிறகு 3 வருஷம் வரை தடையும் வரலாம்.

மாணவர் விசாக் கட்டணம், 2025 ஜூலை 1-ந் தேதி 2,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தப்பட்டது. நம் பணத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்! மனு தள்ளுபடி ஆனால், அந்தப் பணம் திரும்பி வராது.

பெற்றோர்களே!

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று ஒதுங்கிவிடாதீர்கள். மனு அனுப்புவதற்கு முன்னால், பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாலு பதிலையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

தடுமாறாமல் சொன்னால், அது அவன் எழுதியது. தடுமாறினால், அது யாரோ எழுதியது.

அவன் சொல்வது உண்மையா என்று உங்களுக்குத் தெரியாதா? நிலமும் வளையலும் உங்களுடையவை. கேட்டுவிட்டு அனுப்புங்கள்!