செய்யுள் ஏன் கசக்கிறது?

கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவரிடம், பள்ளியில் பயின்றவற்றுள் எதனை வெறுத்தீர் என வினவினால், பலர் தயக்கமின்றித் தரும் விடை, தமிழ்ச் செய்யுட்பகுதி என்பதே. திரையிசைப் பாடல்களை நூற்றுக்கணக்கில் நெஞ்சிற் பதித்திருப்போரும் அவ்வாறே விடையிறுக்கின்றனர். எனவே அவர்கள் பாட்டை வெறுக்கவில்லை. பாட்டு அவர்களை வந்தடைந்த வழியே கசந்தது எனக் கொள்ளலாம். மதிப்பெண்ணைக் கருதி மேனிலை வகுப்பில் தமிழை விடுத்து வேறு மொழியைத் தேர்வோரும் உளர். ஆதலின் இக்கசப்பின் காரணங்களை ஆராய்வது தமிழ் பயிற்றும் நமக்குக் கடமையாகிறது.

பழம்பாடலின் சொற்கள் கடினமானவை என்பது முதற் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதனை மறுப்பதற்கில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கிற் பாடம் கேட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டபோது, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனத் தாம் கற்றவற்றை அடுக்கினார். சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என முதலியார் வினவ, இல்லை என ஒப்ப நேர்ந்தது. பின்னர் அந்நூலைக் கையிலெடுத்தபோது பல இடங்கள் அவருக்கே விளங்கவில்லை. சமண அன்பர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அவரது பதிப்பாக வெளிவந்தது.

பெரும்புலவரையே தடுமாறச் செய்த மொழி, பதினான்கு வயதுச் சிறுவனைத் தடுமாறச் செய்வதில் வியப்பேது? ஆயினும் அக்கடுமை ஐயரை விரட்டவில்லை. அவருக்கு வேட்கை முன்னே பிறந்தது; கடுமை பின்னே வந்தது. நம் மாணவனுக்கோ வேட்கை பிறக்குமுன் தேர்வு வந்துவிடுகிறது.

பெருங்காப்பியத்தைத் துண்டாக்கித் தருவது மற்றொரு காரணமாகும். சீறாப்புராணம் 5,027 விருத்தப்பாக்களால் ஆகியது. பாடநூலில் இடம்பெறுவனவோ சில பாடல்களே. வேடனிடம் அகப்பட்ட பிணைமான், கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுவதும், நபிகள் நாயகம் (ஸல்) அதற்குப் பிணை நிற்பதும், மான் சொல் தவறாது மீள்வதும் உமறுப்புலவர் பாடிய அரிய காட்சிகள். மான் மீளுமா என்னும் அச்சத்தோடு படிப்பவன் அடுத்த பாடலைத் தானே தேடுவான். கதையைக் கூறாது அருஞ்சொற்பொருளில் தொடங்கினால், மான் திரும்பி வருமுன்னே மாணவனின் மனம் வகுப்பை விட்டு வெளியேறிவிடுகிறது.

மூன்றாவதாக, செவிக்கென எழுந்த பாடலை நாம் கண்ணுக்கு மட்டுமே காட்டுகிறோம். சொற்கள் புணர்ந்து, சீர்தோறும் துண்டுபட்டு நிற்கும் அச்சு, எங்கு நிறுத்துவது என்பதையே மறைத்துவிடுகிறது. இதனை உணர்ந்தே மர்ரே எஸ். ராஜம் அவர்கள் 1950களில் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு வகுப்பொன்றில் புறநானூற்றின் 112ஆம் பாடலை எடுத்துக்கொண்டோம். ஐந்தே அடிகள். குறிப்பு எதுவும் எழுதச் சொல்லவில்லை. பாரியின் பெண்மக்கள் இருவர் நிலவைக் காண்கின்றனர். முன்னொரு திங்களில் இதே நிலவில் தந்தை உடனிருந்தார், குன்றும் தமதாயிருந்தது. இன்று இரண்டும் இல்லை. இவ்வளவே கூறி, சந்தி பிரித்து, இருமுறை நிறுத்திப் படித்தோம்.

வகுப்பு முடிந்ததும் கடைசி வரிசை மாணவர் ஒருவர் அருகில் வந்து நின்றார். "ஐயா, இதைப் பள்ளிக்கூடத்திலே மனப்பாடம் பண்ணி எழுதினேன், முழு மதிப்பெண் கிடைச்சுது. எங்க அத்தா மவுத்தாகி அப்போ ரெண்டு மாசந்தான். இந்தப் பாட்டு எதைப் பத்தினதுன்னு தெரியாமலே எழுதிட்டேன்" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. துயருற்ற சிறுவனொருவனின் கையில் அத்துயருக்கே உரிய பாடல் இருந்தும், அது அவனுக்கு எட்டாமற் போயிற்று. செய்யுள் கசப்பதால் நேரும் இழப்பு இத்தகையது.

மனப்பாடம் தீதன்று. எழுத்தறியாத நம் மூதாட்டியர் பலர் பாடல்களை நெஞ்சிற் சுமந்தே வாழ்ந்தனர். ஆயின் பொருளறிந்து, இசையறிந்து சுமந்தனர். நாமும் அவ்வரிசையை மேற்கொள்ளலாம். முதலிற் பாடலின் சூழலைக் கூறுக. அடுத்து உரக்கப் படித்துக் காட்டுக. பின்னர்ச் சொற்களைப் பிரித்துப் பொருள் உரைக்க. இலக்கணக் குறிப்பு இறுதியில் வரட்டும். மனப்பாடத்திற்குரிய பாடலை மாணவரே தேர்ந்துகொள்ளவும் ஒரு வாய்ப்பு இருக்கட்டும்.

இவ்வாறு செய்தும் சிலருக்குச் சில பாடல்கள் பிடிக்காமற் போகலாம். அது வாசகரின் உரிமை. பாடலை அறிந்தபின் வேண்டாமென ஒதுக்குவோரை நாம் குறைகூற வேண்டியதில்லை. அறியாமலே ஒருவர் அதனை இழந்துவிடாதபடி காப்பது மட்டுமே நம் பொறுப்பாகும்.