ஆங்கில ஒலிப்பில் தரமும் வட்டாரமும்

பொது ஆங்கிலத்தையும் ஆங்கிலத்தின் தர ஒலிப்பையும் ஒன்றெனக் கொள்வாருளர். இவை வெவ்வேறானவை. வழுவற்ற பொது ஆங்கிலத்தை யார்க்‌ஷயர் ஒலிப்பிலும் பேசலாம்; ஸ்காட்லாந்து ஒலிப்பிலும் பேசலாம். பிரித்தானியாவில் கற்றோர் பலர் அவ்வாறே பேசி வருகின்றனர்.

அவ்வாறாயின் ஓர் ஒலிப்பு மட்டும் தரம் பெற்றது எங்ஙனம்? 1791இல் வெளிவந்த ஜான் வாக்கரின் ஒலிப்பு அகராதி, ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் இலண்டன் பாமரரும் தவிர்க்க வேண்டியவற்றை விதிகளாகவே வகுத்தது. 1917இல் டேனியல் ஜோன்ஸ் தம் அகராதியில் தர ஒலிப்பைப் 'பப்ளிக் ஸ்கூல்' ஒலிப்பு என்றார். பெயரில் பொதுமை இருப்பினும் அவை செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் செலுத்திப் பயின்ற உறைவிடப் பள்ளிகளே. பல வட்டாரச் சிறுவர்களும் அங்கு ஒருங்கே வளர்ந்தமையால் அவர்தம் பேச்சில் ஊர் அடையாளம் மறைந்து, வர்க்க அடையாளம் எஞ்சியது. 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் ஜோன்ஸ் அதனை 'ஏற்புடை ஒலிப்பு' எனப் பெயர் மாற்றினார். யாரால் ஏற்கப்பட்டது என்பதை அப்பெயர் கூறவில்லை.

இத்தரத்தின் இயல்பை ரகரம் நன்கு காட்டுகிறது. 'கார்', 'ஃபார்ம்' முதலிய சொற்களில் உயிரை அடுத்து வரும் ரகரத்தை ஏற்புடை ஒலிப்பு விட்டுவிடுகிறது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி ஆகியவற்றின் மரபான பேச்சில் அது நிலைத்துள்ளது. ஷேக்ஸ்பியர் காலத்தில் பெரும்பாலோர் ஒலித்ததும் ரகரத்துடன்தான். ஆகவே, பட்டிக்காட்டுப் பேச்சு என எள்ளப்பட்டதே பழையது. தரமெனப் போற்றப்பட்டது பிற்கால மாற்றம்.

அமெரிக்காவிலோ நிலைமை தலைகீழானது. 1962இல் வில்லியம் லபோவ் நியூயார்க் நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குச் சென்று, நான்காம் மாடியில் இருப்பதாகத் தாம் முன்பே அறிந்த பொருள்கள் எங்குள்ளன என ஊழியரிடம் வினவினார். 'ஃபோர்த் ஃப்ளோர்' எனும் விடையில் ரகரம் வருகிறதா என்பதே அவர் நாடியது. விலை மிக்க கடையில் ரகரம் மிகுதி. மலிவான கடையில் மிகக் குறைவு. காது கேளாதவர்போல் அவர் மீண்டும் கேட்டபொழுது, ஊழியர் கவனத்துடன் கூறிய விடையில் ரகரம் கூடிற்று. இலண்டனில் உயர்வு தருவதாகக் கருதப்பட்ட ரகரமின்மை நியூயார்க்கில் தாழ்வாயிற்று. ஒலியில் உயர்வோ தாழ்வோ இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் கேட்போர் உள்ளம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஹோவர்ட் கைல்ஸ் 1970களில் ஒரே வாதத்தைப் பல்வேறு ஒலிப்புகளில் மாணவர்களுக்குக் கேட்கச் செய்தார். சொற்கள் மாறாதிருந்தும், ஏற்புடை ஒலிப்பில் கேட்டோர் வாதத்தின் தரத்தை உயர்வாக மதிப்பிட்டனர். (ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் மாணவரின் வாய்மொழித் தேர்வை மதிப்பிடும் தமிழாசிரியர்க்கு இம்முடிவு புதிதாகத் தோன்றாது.) எனினும், கேட்டோர் தம் கருத்தை மாற்றிக்கொண்டது வட்டார ஒலிப்பில் பேசப்பட்ட வாதத்தைக் கேட்டபொழுதே மிகுதியாக இருந்தது.