கருவேலங்காட்டில் பொக்லைன் ஏன் எரிகிறது?

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும், நெல்லைச் சீமையிலும் பொக்லைன்கள் இறங்கின. முள்ளை வேரோடு பிடுங்கும்போது காய்ந்த இலையும் சுள்ளியும் பறக்கும். ரேடியேட்டர் விசிறி அதை இன்ஜின் அறைக்குள் இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பாருங்கள்: அரிசியைவிடச் சற்றுப் பெரிய கருவேல இலைகள், எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி, இடுக்கெல்லாம் அப்பியிருக்கும். விளக்குத் திரியேதான் அது.

பாரம் ஏறிய இன்ஜினில் டர்போவின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தொடும். சருகு பற்ற அதில் பாதியே போதும்; கசியும் டீசலுக்கு இன்னும் குறைவு. முள் கிழித்த ஹைட்ராலிக் ஓஸிலிருந்து எண்ணெய் பீய்ச்சினாலோ, சொல்லவே வேண்டாம்.

வண்டியை அணைத்ததும் விசிறி நின்றுவிடும், உலோகத்தின் சூடு நிற்காது. ஆள் சாப்பிடப் போன நேரத்தில் புகை கிளம்புவது அதனால்தான்.

ஆபரேட்டர் அண்ணன்மாரே, மதியம் ஒருதரம், மாலை ஒருதரம் சருகைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிடுங்கள். கசிவை அன்றன்றே அடைத்துவிடுங்கள். அணைக்குமுன் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பிறகு அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.