பழைய காடிக்குச் செலவு செய்யலாமா?

சென்ற மாதம் பள்ளி விட்டு வரும் வழியில் என் பெரோடுவா கஞ்சில் காடி புகைந்து நின்றுவிட்டது. தண்ணீர் வற்றி இயந்திரம் சூடேறி, ஹெட் கேஸ்கட் போய்விட்டதாம். பட்டறைக்காரர் 1,500 வெள்ளி கேட்டார்.

"விற்றாலே மூவாயிரம் தேறாத காடிக்கு இவ்வளவா, வாத்தியாரே?" என்றார் பக்கத்து லயத்து அண்ணன்.

நியாயம்தான் என்று ஓர் இரவு முழுக்க நினைத்தேன். ஆனால் வாசகர்களே, விற்கும் விலையோடு ஒப்பிடுவது தப்புக் கணக்கு. வேறு காடி எடுத்தால் மாதத் தவணை எனக்கு 500 வெள்ளி. பழுது பார்த்த காடி ஓராண்டு ஓடினாலே மாதம் 125 வெள்ளிதான். என் தாயாரை வாரம் மூன்று நாள் டவுனுக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். தோட்டத்துப் பஸ்ஸை நம்ப முடியாது.

கஞ்சில் 1994இல் வந்து 2009இல் நின்றுபோன வண்டி. எதை எடுத்தாலும் கிழம்தான். ஆகையால் முதலில் காடியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் இடங்கள் துருப்பிடித்து, தட்டினால் உதிர்ந்தால், இயந்திரத்துக்கு ஒரு காசும் போடாதீர்கள். என் காடி அதில் தப்பியது.

பட்டறையில் இரண்டு கேள்வி கேட்டேன். தண்ணீர் ஏன் வற்றியது? ரேடியேட்டரில் ஒழுகல். அதை அடைக்காமல் கேஸ்கட் மாற்றினால் மறுபடியும் போகும். இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்திருக்கிறதா? அளந்து காட்டச் சொன்னேன்; லேசான வளைவு, சீவிச் சமப்படுத்தினார். எப்படியும் கழற்றுகிறாரே என்று டைமிங் பெல்ட்டையும் மாற்றிக்கொண்டேன், கூலி ஒன்றுதானே! பெல்ட்டுக்கு மட்டும் தனிக் காசு.

இப்போது தினமும் காலையில், இயந்திரம் சூடாகுமுன், தண்ணீர் பார்த்துவிட்டுத்தான் தாயாரை ஏற்றுகிறேன்.