சிரட்டைக்குள் ஒரு சிறுதொழில்: குள்ள சிக்லிட் மீன் வளர்ப்பு

கொழும்பில் வியாபாரம் என்றதும் எமது சகோதரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடைதான். கடை என்றால் கீ மணி, வாடகை, மின்கட்டணம், வேலையாள் என்று செலவுகள் வரிசையில் நிற்கும். வெள்ளவத்தை காலி வீதியிலோ, கொட்டாஞ்சேனையிலோ புதிதாக ஒருவர் கடை திறப்பது இலேசான காரியமல்ல. ஆனால் வீட்டில் ஒரு சிறிய அறையும் நான்கு கண்ணாடித் தொட்டிகளும் நாளுக்கு ஒரு மணி நேரமும் இருந்தால் ஆரம்பிக்கக்கூடிய உபதொழில் ஒன்று உண்டு. அதுதான் குள்ள சிக்லிட் மீன் வளர்ப்பு. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் இம்மீன்களை வளர்த்துவரும் அனுபவத்தில் சில விடயங்களை இங்கு தருகிறேன்.

சிக்லிட் என்பது பெரிய மீன் குடும்பம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எமது குளங்களில் நிறைந்திருக்கும் திலாப்பியாவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. குள்ள சிக்லிட்டுகளோ விரல் நீளத்துக்கு மேல் வளராதவை. தென்னமெரிக்காவின் ராம், அபிஸ்டோகிராம்மா, மேற்கு ஆபிரிக்காவின் கிரிபென்சிஸ் ஆகியவை இவற்றில் பிரபலமானவை.

கொழும்பின் அனுகூலம்

ஐரோப்பாவில் இம்மீன்களை வளர்ப்பவர் தண்ணீரைச் சூடாக்க வருடம் முழுவதும் மின்சாரம் செலவிட வேண்டும். எமக்கு அச்செலவில்லை. அத்துடன் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புக்கு வரும் நீர் சுண்ணாம்பு குறைந்த மென்னீர். இம்மீன்கள் விரும்புவதும் அதையே. யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் உள்ள சுண்ணாம்புக்கல் பகுதிகளில் இதே மீனை வளர்ப்பவர் மழைநீரைச் சேகரிக்க வேண்டிவரும். குழாய் நீரில் உள்ள குளோரின் மட்டும் மீனுக்கு ஆகாது. ஒரு நாள் முழுவதும் வாளியில் வைத்துக் காற்றூட்டிய பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

வளர்க்கும் முறை

அபிஸ்டோகிராம்மா சோடி ஒன்றுக்கு இரண்டடி நீளத் தொட்டி போதும். ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்று, கொஞ்சம் மணல், காய்ந்த கொட்டங்காய் இலை இரண்டு, வாயில் சிறு துளை வெட்டிக் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று. இவ்வளவுதான் தளபாடம். சிரட்டையின் உட்கூரையில் பெண் மீன் முட்டையிடும். அதன் நிறம் பளிச்சென்ற மஞ்சளாக மாறினால், அது காவலுக்கு நிற்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். சுமார் மூன்று நாட்களில் முட்டை பொரிக்கும். மேலும் ஐந்தாறு நாட்களில் குஞ்சுகள் நீந்தும். அன்று முதல் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா தீனி வேண்டும். ராம் மீன் சிரட்டையை நாடாது, தட்டையான கல்லில் முட்டையிடும். பல சமயம் தன் முட்டையைத் தானே தின்றும் விடும்.

கணக்கு எங்கே பிழைக்கிறது?

புதியவர்கள் முட்டையை எண்ணி இலாபம் பார்க்கிறார்கள். உதாரணமாக 80 முட்டையில் 50 குஞ்சு தப்பியது என்று வைப்போம். ஆண், பெண் தெரிய மூன்று நான்கு மாதமாகும். வாங்குபவர் கேட்பதோ சோடி. 50இல் 35 ஆணாக இருந்தால் உங்களிடம் இருப்பது 25 சோடியல்ல, 15 சோடிதான்.

இது வெறும் அதிர்ஷ்டமல்ல. அபிஸ்டோகிராம்மா குஞ்சுகள் ஆணாவதையும் பெண்ணாவதையும் ஆரம்ப வாரங்களின் நீர் வெப்பநிலை பாதிக்கிறது என்று 1996இல் வெளியான ஜெர்மன் ஆய்வொன்று காட்டியது. பெரும்பாலான இனங்களில் சூடு கூடினால் ஆண் கூடும். செலவைக் குறைக்கும் கொழும்பு வெயில்தான் சோடியையும் குறைக்கிறது! தொட்டியை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைப்பதும், நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிடுவதும் பயன் தரும்.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று இல்லாமல் இத்தொழிலில் இறங்க வேண்டாம். ஆர்ட்டீமியா இறக்குமதிப் பொருள். டொலர் ஏறினால் தீனிச் செலவும் ஏறும்.

நாணயமே மூலதனம்

வாங்குபவரை முதலில் தேடுங்கள், பிறகு தொட்டியை வாங்குங்கள். இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் பெரும் பங்கு கப்பிக்கே. ஏற்றுமதியாளர்கள் பலர் வீட்டு வளர்ப்பாளர்களிடமிருந்தே மீன் வாங்குகிறார்கள். செக் நாட்டிலும், சென்னை கொளத்தூரிலும் இத்தொழிலை வளர்த்தவர்களும் வீட்டு வளர்ப்பாளர்களே. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நக்டா நிறுவனத்துக்கு ரம்பொடகல்லையிலும் கினிகத்தேனையிலும் அலங்கார மீன் நிலையங்கள் உள்ளன. தொழில் தொடங்குமுன் அங்கு ஆலோசனை பெறுவது நல்லது.

இச்சந்தையில் ஒரு தீமையும் உண்டு. ஹோர்மோன் கொடுத்து நிறமேற்றிய ராம் மீன்கள் விற்கப்படுகின்றன. சில வாரங்களில் நிறம் மங்கும், இனப்பெருக்கமும் நடக்காது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை நாம் அறிவோம். நிறமேற்றிய மீனும் அதே நனைந்த தானியம்தான். இன்னொன்று, பிடிபடாமல் நீரில் திரியும் மீனை விற்பதை பிக்ஹ் நூல்கள் 'கரர்', அதாவது நிச்சயமின்மை உள்ள வியாபாரம் என்று தடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியும், கையால் பிடிக்கக்கூடிய தொட்டி மீனுக்கு அத்தடையில்லை. ஆனால் இன்னும் பொரிக்காத முட்டையைக் காட்டி, "50 சோடி தருகிறேன்" என்று முற்பணம் வாங்குவது அந்த எல்லைக்கு மிக அருகில் செல்லும் காரியம். 15 சோடி கையில் இருக்கும்போது 15க்கே விலை பேசுங்கள். அடுத்த முறையும் அவர் உங்களைத் தேடி வருவார்.

வருட முடிவில் விற்பனைக்காக வைத்திருக்கும் மீன்கள் வியாபாரப் பொருளாகவே கணிக்கப்படும். நிஸாபை அடைந்தால் அவற்றின் பெறுமதிக்கு இரண்டரை வீதம் ஸகாத் உண்டு. தொட்டியும் பம்பியும் தொழிற்கருவிகள், அவற்றுக்கு ஸகாத் இல்லை. முட்டையிடும் தாய் மீன்கள் பற்றி உங்கள் பகுதி உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

முதலில் ஒரு தொட்டி, ஓர் இனம், ஆறு இளம் மீன்கள் என்று தொடங்குங்கள். ஒரு வருடம் கணக்குப் புத்தகம் வையுங்கள். அது இலாபம் காட்டிய பிறகே இரண்டாவது தொட்டி. பரகத் அல்லாஹ்விடமிருந்து வருவது, கணக்கு எழுதுவது எமது கடமை.