பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டர்

கழுத்தில் ஒரு கேமரா

நியூசிலாந்தின் வெலிங்டன் வட்டாரத்தில் 168 பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு சின்ன கேமராவை மாட்டிவிட்டு, நாலு நாள் வழக்கம்போல் இருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள் ஆய்வாளர்கள். 2014இல் தொடங்கி 2015 வரை நடந்த வேலை அது. பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 வயது. ஏழு விநாடிக்கு ஒரு படமாக கேமரா தானே எடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை பள்ளிக்கு நடந்தது, கடை வாசலில் நின்றது, வீட்டில் அலமாரியைத் திறந்தது எல்லாம் பதிவாயின. பிறகு உட்கார்ந்து, எந்தெந்தப் படத்தில் உணவு விளம்பரம் இருக்கிறது என்று எண்ணினார்கள்.

சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பண்டங்களின் விளம்பரம் ஒரு பிள்ளையின் கண்ணில் நாளொன்றுக்கு 27 தடவை பட்டிருந்தது. பழம், பால், காய்கறி மாதிரியான நல்ல உணவுக்கு 12 தடவை. டிவி, செல்போன் திரைகளில் வந்தவை இந்தக் கணக்கிலேயே சேரவில்லை.

எனக்கு 27 என்ற எண்ணைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. சத்தில்லாத பண்டங்களின் விளம்பரங்களில் 64 சதவீதம் பாக்கெட் வழியாகத்தான் பிள்ளைகளைச் சென்றடைந்திருந்தது. பெயர்ப்பலகை, தட்டி எல்லாம் சேர்ந்து 28 சதவீதம். விளம்பரம் என்றதும் நாம் அண்ணாந்து ஹோர்டிங்கைப் பார்க்கிறோம். பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்குவதை விட்டுவிடுகிறோம். பள்ளி, பூங்கா ஓரங்களில் துரித உணவு விளம்பரங்களைக் கணக்கெடுக்கக் கிளம்பும் எவரும் முதலில் குனிந்து பார்க்கப் பழக வேண்டும்.

வட்டம் எவ்வளவு பெரியது?

அதற்கு முன்னாலேயே ஆஸ்திரேலியாவில் சிட்னி, வுல்லங்காங் நகரங்களின் 40 தொடக்கப் பள்ளிகளைச் சுற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்து, 2008இல் முடிவு வெளியானது. பள்ளியை நடுவில் வைத்து 500 மீட்டர் வட்டம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். மொத்தம் 9,151 விளம்பரங்கள். அவற்றில் ஏறக்குறைய கால்வாசி உணவுக்கானவை. அந்தக் கால்வாசியில் 80 சதவீதம் நொறுக்குத்தீனி, குளிர்பானம் வகையறா. வட்டத்தின் உள்பாதியில், அதாவது பள்ளிக்கு 250 மீட்டருக்குள், இவற்றின் நெருக்கம் இன்னும் கூடுதலாக இருந்தது. பள்ளியை நெருங்க நெருங்க விளம்பரம் அடர்ந்துகொண்டே போனது.

நம் நாட்டுச் சட்டம் போட்ட வட்டம் இதைவிட மிகச் சிறியது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. பள்ளி வளாகத்திலும் அதன் அருகிலும் ஜங்க் ஃபுட், குளிர்பானம் விற்கக் கூடாது என்பது கோரிக்கை. அது இழுத்து, இழுத்து, கடைசியில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் விதிகளை அறிவித்தது. 2021 ஜூலை 1 முதல் அமல். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலோ, பள்ளி கேட்டிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது. தயாரிக்கும் நிறுவனங்கள் அந்த எல்லைக்குள் விளம்பரம் செய்யவும் கூடாது, இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. எழுத்தில் நல்ல விதிதான்.

50 மீட்டரைக் கடக்கப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வட்டத்தின் பரப்பு இரண்டு ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆஸ்திரேலியர்கள் நடந்த வட்டம் அதைப்போல் நூறு மடங்கு. இன்னொரு ஒப்பீடும் உண்டு. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், பீடி சிகரெட் விற்கத் தடை போட்டது. உணவுக்கு அதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. தவிர, எத்தனை கிராமைத் தாண்டினால் ‘மிகுந்தது’ என்பதை இந்த விதி எண்ணாகச் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். கணக்கெடுப்பவர்கள் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்காக வகுத்த ஊட்டச்சத்து அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால், எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டை பாதி தீரும்.

ஒரு பெட்டிக்கடையின் முகப்பு

நம் ஊர்ப் பள்ளித் தெருவில் ஹோர்டிங் அதிகம் இருக்காது. பெட்டிக்கடை இருக்கும். அதன் எதிரே ஐந்து நிமிடம் நின்று மேலிருந்து கீழாகப் பார்த்தால் போதும்.

மேலே பெயர்ப்பலகை. நடுவில் சின்ன எழுத்தில் கடைக்காரரின் பெயர்; இரண்டு பக்கமும் ஏதோ ஒரு குளிர்பானத்தின் நிறமும் சின்னமும். பலகைக்குக் காசு கொடுத்தது கம்பெனி. அதற்குக் கீழே வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாய். அதிலும் பிஸ்கட் பெயர். ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ப்ரிட்ஜ். அதுவும் பெரும்பாலும் கம்பெனி கொடுத்ததுதான். மற்ற பாட்டில்களை உள்ளே அடுக்கக் கூடாது என்பது கடைக்காரருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கும். இன்னும் கீழே, அதாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நெற்றி உயரத்தில், சிப்ஸ் பாக்கெட் சரங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். கல்லாப்பெட்டிக்கு முன்னால் கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய், சாக்லேட். சில பாக்கெட்டில் ‘உள்ளே பொம்மை இலவசம்’. பிள்ளைகள் கேட்பதைக் கவனியுங்கள்: “அண்ணா, அந்த மஞ்சக் கலரு ஒண்ணு.” பெயரை வாசிக்கத் தேவையே இல்லை; நிறம் போதும்.

இந்தக் கடையைக் கணக்கெடுப்புத் தாளில் எப்படி எழுதுவது? ‘ஒரு கடை’ என்று எழுதினால் எதுவும் தெரியாது. பலகை ஒன்று, தார்ப்பாய் ஒன்று, ப்ரிட்ஜ் ஒன்று, சரம் இத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பள்ளி கேட்டிலிருந்து தூரம், தரையிலிருந்து உயரம், என்ன பண்டம், என்ன விலை, கார்ட்டூன் பொம்மையோ நடிகர், கிரிக்கெட் வீரர் படமோ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளலாம். தூரத்துக்குக் கையில் ஒரு டேப் போதும். பள்ளி விடும் நேரத்திலும் ஒரு தடவை பார்க்க வேண்டும். காலையில் மூடிக்கிடக்கும் பாஸ்ட்புட் வண்டி நாலு மணிக்குத்தான் அடுப்பைப் பற்றவைக்கும். படம் எடுக்கலாம், பிள்ளைகளின் முகம் விழாமல்.

கம்பெனி பலகையைப் பார்த்ததும் கடைக்காரர் மேல் கோபப்படுவது சுலபம். பலகை செய்யக் கொடுக்க ஆயிரக்கணக்கில் ஆகும். அவருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. ப்ரிட்ஜும் அப்படியே. அவர் நிலையில் நாமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் செய்வோம்.

கேரட்டும் காகித உறையும்

இதெல்லாம் பிள்ளைகளை அவ்வளவு பாதிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் ஒழுங்காகச் சொல்லி வளர்த்தால் போதாதா?

கலிபோர்னியாவில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 63 பேரிடம் ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரே உணவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெறும் காகிதத்திலும் மற்றதை மெக்டொனால்ட்ஸ் சின்னம் போட்ட காகிதத்திலும் வைத்துக் கொடுத்தார்கள். எது ருசி என்று கேட்டால், குழந்தைகள் பெரும்பாலும் சின்னம் போட்டதையே காட்டினார்கள். கேரட்டிலும் அப்படித்தான். கேரட் அந்தக் கம்பெனியின் பண்டம்கூட இல்லை. ருசியை நாக்கு முடிவு செய்வதற்கு முன்பே காகிதம் முடிவு செய்துவிட்டது.

எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, இது நம்மை வாங்கவைக்கச் சொல்லும் பேச்சு என்று பிரித்தறிவது கடினம் என்பது உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்வது. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரங்களுக்கு 1980லேயே தடை போட்டதற்கு அடிப்படையும் இதுதான். எதிரே இருப்பவருக்குப் புரியாத பேச்சில் பேரம் பேசுவது நியாயமில்லை என்று நினைத்தார்கள்.

உடம்பில் சேரும் கணக்கு

சர்க்கரை சேர்த்த கோலா வகைக் குளிர்பானத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும், பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராமுக்கு மேல், ஐந்து தேக்கரண்டிக்குக் குறையாமல். ஒரு நாளைய ஆற்றலில் இப்படிச் சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 1,700 கலோரி தேவைப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் சுமார் 21 கிராம்தான். ஒரே பாட்டிலில் அது முடிந்துபோகிறது. காலையில் குடித்த பாலில் போட்ட சர்க்கரை, சத்து பானப் பொடியில் இருக்கும் சர்க்கரை எல்லாம் தனி.

5 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம் பேர். 2022இல் 1 கோடியே 25 லட்சம். 2024இல் லான்செட் இதழில் வந்த உலகளாவிய ஆய்வின் மதிப்பீடு இது. எல்லாவற்றுக்கும் விளம்பரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. விளையாட இடமில்லை, டியூஷன் விட்டு வர இரவாகிறது, உட்கார்ந்தே கிடக்கிறார்கள். ஆனால் மற்ற காரணங்களைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு பலகையைக் கழற்ற ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

பாக்கெட்டே விளம்பரம் என்பதைச் சிலி நாடு நேராக எடுத்துக்கொண்டது. 2016 ஜூனில் அங்கே அமலுக்கு வந்த சட்டம், சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மிஞ்சிய பண்டங்களின் உறையில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. அவற்றின் உறையிலிருந்து கார்ட்டூன் பொம்மைகளை எடுக்கவைத்தது. பள்ளிகளில் விற்பதையும் நிறுத்தியது. முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கும் அளவு சுமார் 24 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வந்த வரைவோ எச்சரிக்கை முத்திரைக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. சிப்ஸ் பாக்கெட்டில் ஒன்றரை நட்சத்திரம் போட்டால் பிள்ளைக்கு அது பரிசு மாதிரிதான் தெரியும்.

பூங்கா யார் பொறுப்பு?

50 மீட்டர் விதி பள்ளிக்கு மட்டும். பூங்காவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் கூடும் இடம் பூங்காதான், கையில் காசோடு பெற்றோரும் கூடவே இருப்பார்கள். விற்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

பூங்கா வாசலில் கணக்கெடுக்கும்போது இரண்டு வகையைக் கலந்துவிடக் கூடாது. அவித்த வேர்க்கடலை, சுண்டல், மாங்காய்க் கீற்று விற்கும் அம்மாவுக்குப் பலகையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. பக்கத்தில் வண்ணக் குடைக்குக் கீழே கம்பெனி பெயர் போட்ட ஐஸ்கிரீம் வண்டி, அதற்கடுத்து சிவப்புச் சாயம் ஏறிய சிக்கன் பக்கோடா வண்டி. சுத்தம் மூன்று இடத்திலும் பார்க்க வேண்டியது. அது தனிக் கேள்வி. ‘நடவடிக்கை’ என்ற பேச்சு எழுந்ததும் முதலில் தூக்கி எறியப்படுவது அந்த அம்மாவின் கூடைதான் என்பதால், கணக்கெடுப்புத் தாளில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். அவித்த கடலையை விரட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு பிராண்டட் கியாஸ்க் வந்தால், பிள்ளைக்குக் கிடைத்தது நஷ்டம்.

பள்ளியின் 50 மீட்டருக்குள் கண்டது மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, தூரம் குறித்த படங்களோடு அனுப்பினால் மனுவுக்குக் கனம் கூடும். ‘பள்ளி அருகே நொறுக்குத்தீனி விற்கிறார்கள்’ என்ற மொட்டை மனுவை ஒதுக்கிவைப்பது எளிது. ‘கேட்டுக்குத் தெற்கே 31 மீட்டரில் இந்தப் பலகை’ என்று எழுதியதை அப்படி ஒதுக்க முடியாது.

50 மீட்டருக்கு வெளியேயும் பூங்காவிலும் என்ன செய்வது என்பதற்கு லண்டனில் ஒரு வழி கிடைக்கிறது. 2019 பிப்ரவரியில் அந்நகரப் போக்குவரத்து அமைப்பு தன் ரயில், பேருந்து, நிழற்குடைகளில் இவ்வகை உணவு விளம்பரங்களை எடுப்பதை நிறுத்தியது. ஆரம்பத்தில் வேடிக்கையும் நடந்தது. வெண்ணெய் படம் இருந்ததற்காக மளிகை டெலிவரி விளம்பரம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வீடுகளின் கொள்முதலை வடஇங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தடை இல்லாதிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய அளவைவிட வீட்டுக்கு வாரம் ஏறக்குறைய 1,000 கலோரி குறைவாகவே இப்பண்டங்களை வாங்கியிருந்தார்கள். சாக்லேட், மிட்டாயில்தான் சரிவு அதிகம்.

இதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றவில்லை. இடத்துக்குச் சொந்தக்கார அமைப்பு தன் விளம்பரக் கொள்கையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நம் ஊரிலும் பூங்காவின் மதில், வாசல் வளைவு, பேருந்து நிழற்குடை எல்லாம் மாநகராட்சி, நகராட்சிகளின் கையில்தான் இருக்கின்றன. விளம்பர உரிமையை அவர்களே டெண்டர் விட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்த டெண்டரின் நிபந்தனைகளில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க மன்றத் தீர்மானம் போதும். அந்த வரி எவ்வளவு தூரத்துக்கு, எந்தெந்தப் பண்டத்துக்கு என்று கவுன்சிலர் கேட்பார். அப்போது நீட்டுவதற்குத்தான் அந்தக் கணக்கெடுப்புத் தாள்.