நடந்து செல்லும் மணல்

சென்னை மெரினா கடற்கரையில் அலையைத் தொட வேண்டுமானால், சாலையிலிருந்து மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஆனால், ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே இவ்வளவு மணல் கிடையாது. கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. இந்த மணல் எங்கிருந்து வந்தது? சற்று வடக்கே உள்ள துறைமுகம்தான் இதற்கு விடை.

அலைகள் எப்போதும் கரையில் நேராக மோதுவதில்லை; பெரும்பாலும் சாய்வாகவே வருகின்றன. கரையேறும் நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ சரிவில் நேராக இறங்குகிறது. இதனால் ஒவ்வோர் அலைக்கும் மணல், ரம்பத்தின் பற்களைப் போன்ற பாதையில், கரையோரமாகச் சிறிது நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால், சென்னைப் பகுதியில் வடக்கே செல்வதே அதிகம். கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு என்றே இதைக் கூறலாம்.

1870-களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். அவை இந்த ஆற்றுக்கு அணை போட்டதுபோல் ஆயின. தெற்கே மணல் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலிய இடங்களுக்குச் சேர வேண்டிய மணல் சேரவில்லை. அலை அரிப்பது நிற்கவில்லை. ஈடு செய்ய மணல்தான் இல்லை. கரை குறுகியது. மீனவர்கள் வீடுகளையும், படகை இழுத்து வைக்கும் இடத்தையும் இழந்தார்கள்.

பாறைகளைக் கொட்டினால் போதாதா? அந்த இடம் பிழைக்கும். ஆனால், பாறையில் மோதித் திரும்பும் அலை முன்னிருக்கும் மணலைப் பறித்துச் செல்லும். அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகம் கட்டியபின் நகரின் மணற்கரை மறைந்து, பாறைக் கரையே எஞ்சியது. 2018-இல் அங்கே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது.

மணற்கரை வெறும் மணல் அன்று; பல உயிர்களின் வீடு. மணல் துகள்களின் இடைவெளியில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நண்டுகள் வளை தோண்டுகின்றன. அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மணல்மேடு கரையின் சேமிப்பு வங்கி. புயலில் கடல் அதிலிருந்து மணலை எடுக்கும். அமைதியான நாட்களில் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும். அழகுக்காக மேட்டைச் சமன் செய்தால் அந்தச் சேமிப்பு அழிகிறது.

பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் சென்னைக் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி ஏறத்தாழ 100 முட்டைகள் இடுகின்றன. பாறையில் குழி தோண்ட முடியுமா? இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி ஓடுபவை. சாலை விளக்குகள் அவற்றை எதிர்த்திசைக்கு இழுத்துவிடும்.

வழி உண்டு. கரையையொட்டிய கட்டடங்களைக் கட்டுப்படுத்த இந்தியாவில் 1991 முதல் விதிகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்தில், தடுப்புச்சுவரின் தெற்கே சேரும் மணலை 2001 முதல் குழாய் வழியே வடக்குக் கரைக்கு அனுப்புகிறார்கள். ஆமைக் காலத்தில் கரையோர விளக்குகளை அணைப்பதற்குச் செலவே இல்லை.

கடலுக்குள் நீளும் கற்சுவரைக் கண்டால் அதன் இரு பக்கங்களையும் பாருங்கள். எந்தப் பக்கம் மணல் குவிந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் மணல் வருகிறது. மறுபக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.